லாபம், ரெண்டு, மூணு

என் மகளுக்கு நான்கரை வயதிருக்கும்போது அவளைத் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனேன். அந்தக் காலத்தில் பிறந்த தேதியை யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் போதும். அவள் எக்கினாள், கழுத்தைச் சாய்த்தாள், நாக்கைக்கூடத் துருத்திப் பார்த்தாள். காது எட்டவில்லை.

“அடுத்த வருஷம் இட்டுக்கினு வாம்மா” என்றார் டீச்சர்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரரின் மகள் இவளுடைய உயிர்த்தோழி. அவளுக்குக் காது எட்டிவிட்டது. தினமும் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் இவள் தெருவே கூடும்படி அழுவாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கை நீண்டால்தான் படிப்பு வருமா என்று டீச்சரிடமே போய்க் கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, பலப்பத்த ஒழுங்கா புடிக்கட்டும். பத்து வரைக்கும் எண்ணட்டும். விஜயதசமிக்குப் பாக்கலாம்.”

உட்கார்த்திப் பாடம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. விளையாட்டுக் காட்டத்தான் தெரியும். புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி, இரண்டு விரலால் மட்டும் பொறுக்கச் சொன்னேன். கையால் அள்ளினால் அத்தனையும் எனக்கு. முதல் வாரம் முழுக்க நான்தான் ஜெயித்தேன், விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வெட்டி எறிகிற பட்டு நூல் துண்டுகளையும் இரண்டு வெற்றுத் தார்க்குச்சிகளையும் கொடுத்தார். ஊடைநூலைச் சுற்றி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சி அது. இவள் சுற்றியது முதலில் காக்காய்க் கூடு மாதிரி இருந்தது. போகப்போக நூல் அவள் பேச்சைக் கேட்டது.

சாயங்காலம் அரிசி மில்லிலிருந்து அவளுடைய அப்பா வந்ததும் கடை திறப்பாள். புளியங்கொட்டைதான் நெல். ஆழாக்கால் அளந்து அளந்து முறத்தில் கொட்டுவாள்.

“இன்னாம்மா, அளவு கம்மியா இருக்குது?” என்று அவர் சீண்டுவார்.

“வாணாம்னா வேற கடைக்குப் போப்பா!”

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சமைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

விஜயதசமியன்று டீச்சர் மேசையில் புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொன்னார். இவள் இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

“லாபம், ரெண்டு, மூணு...”

பத்து வரை தடுக்காமல் போனாள். நாங்கள் தென்னேரிக்காரர்கள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்றுதான் சொல்வோம். வீட்டிலும் அதே வாய்தான். பிள்ளை ஒரு நாளும் ஒன்று என்று சொல்லி எண்ணியதே இல்லை என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

“ஒண்ணு எங்கம்மா போச்சு?” என்றார் டீச்சர்.

“ஒண்ணு சொல்லக்கூடாது டீச்சர். நெல்லு கொறைஞ்சிடும்.”

அறையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்காமல் பலகையையும் பலப்பத்தையும் நீட்டினார். இவள் தார்க்குச்சியைப் பிடிப்பதுபோலவே பலப்பத்தைப் பிடித்து, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஒரு கோடு இழுத்தாள். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நாளைக்குக் காலைல அனுப்பு” என்றார்.

மறுநாள் கொண்டுபோய் விட்டவள், மனசு கேட்காமல் வேலியோரம் நின்றேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். குள்ளம் என்பதால் என் மகள் முன்னால், தோழி அவளுக்குப் பின்னால். டீச்சர் தலைகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே உள்ளே அனுப்பினார்.

என் மகளின் தலையில் கை வைத்து, “லாபம்” என்றார்.

அடுத்த தலையைத் தொட்டு, “ரெண்டு.”