சத்தம் நின்ற மதியம்

தூங்குகிற குழந்தையை உலுக்கி எழுப்பி, "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷியை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பெரியம்மா அப்படித்தான். நாங்கள் குறட்டை விட்டால் சிரிப்பாள். சத்தமில்லாமல் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். பரீட்சைக்கு முந்தின நாள் அப்படி எழுப்பிவிட்டபோது நான் அவளைத் திட்டாத திட்டில்லை.

பெரியப்பா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு பெரியம்மா எங்களோடு வந்துவிட்டாள். வாசல் அறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு திரைச்சீலையும் தலையணை உறையும் தைப்பாள். அப்பாவுக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. விடிந்து வந்து அடுத்த அறையில் படுப்பார். படுத்தால் குறட்டை தெருவையே தூக்கும். அம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் சமைப்பாள். பெரியம்மா மட்டும் அதைக் கேட்டுக்கொண்டே தைப்பாள். குறட்டை நின்றால் மிதியில் அவள் காலும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் வீடே செத்துக் கிடக்கும். பிறகு அப்பா தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி மூச்சை இழுப்பார். மிஷின் மறுபடி ஓடும். எனக்கு அந்த இடைவெளி பிடிக்காது. சின்ன வயதில், அந்த நேரத்தில் யாரோ வீட்டுக்குள் வந்து நிற்பதாகவே நினைத்துப் பயந்திருக்கிறேன்.

அப்பாவுக்கோ தன் குறட்டையில் பெருமை. "உழைச்சவன் தூங்குறான், உங்களுக்கென்ன வயித்தெரிச்சல்?" என்பார். எழுந்ததும் தலைவலி, சாப்பிடும்போதே தூக்கம், பேக்கரி அடுப்பிலிருந்து சூடான தட்டை இழுக்கையில் கண்ணயர்ந்து முழங்கையைச் சுட்டுக்கொண்டது, எல்லாமே அவருக்கு வேலைக் களைப்புதான்.

அக்கம்பக்கத்துக் கேலி தாங்காமல் அம்மா ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். மல்லாந்து படுத்தால்தானே இத்தனை சத்தம்? பனியனின் முதுகில் ஒரு பை வைத்து, உள்ளே பந்தைப் போட்டுவிட்டால்? பெரியம்மாதான் தைத்துக் கொடுத்தாள். மல்லாந்தால் பந்து குத்தும், அப்பா ஒருக்களித்துக்கொள்வார். சத்தம் பாதியாகக் குறைந்தது. அம்மா பஞ்சைத் தூக்கி எறிந்தாள். எங்களுக்கெல்லாம் நிம்மதி. பெரியம்மாவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

"சத்தந்தான் கொறஞ்சிருக்கு. மூச்சு இன்னும் விட்டு விட்டுத்தான் வருது," என்றாள். "முன்னாடியாவது காதுல விழும். இப்ப அதுவுமில்ல. டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க தம்பி."

"சும்மா இருங்க அண்ணி. குறட்டை விடுறேன்னு போய் நின்னா சிரிப்பாங்க," என்றார் அப்பா.

பெரியம்மா அவர் எதிரில் உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை.

"உங்க அண்ணனும் இப்படித்தான். அன்னிக்கு மத்தியானம் தூங்கிட்டிருந்தாரு. நான் பக்கத்து ரூம்ல தச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு சத்தம் நின்னுச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நல்லா தூங்கட்டும்னு எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தேன். பொழுது சாயுறப்பதான் திறந்தேன்."

இத்தனை வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாதது அது. அம்மா அழுதுவிட்டாள். அப்பா மறுநாளே டாக்டரிடம் போனார்.

விரலில் கிளிப்பும் மார்பில் பட்டையும் மாட்டி, அவர் தூங்கும்போது வீட்டிலேயே சோதனை செய்தார்கள். டாக்டர் பொறுமையானவர். "தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காத்து போற வழி சுருங்கும். அந்த அதிர்வுதான் குறட்டை. எல்லாக் குறட்டையும் ஆபத்தில்ல. ஆனா உங்களுக்கு வழியே மூடிக்குது. மூச்சு நின்னு, மூளை பதறி உங்களை உசுப்பி விடுது. தூக்கம் முழுக்க இதே போராட்டம். அப்புறம் வேலையில கண்ணு சொக்காம என்ன செய்யும்?" என்றார். எடையைக் குறைக்கச் சொன்னார். காற்றை அழுத்தி அனுப்பி அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கும் ஒரு மிஷினையும், மூக்கில் மாட்டும் முகமூடியையும் எழுதிக் கொடுத்தார்.

"தூக்கத்துலயே போன எங்க வீட்டுக்காரருக்கும் இதுதானா டாக்டர்?" என்று கேட்டாள் பெரியம்மா.

"பாக்காம சொல்ல முடியாதும்மா."

நியாயமான பதில்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முகமூடியோடு அப்பா முதலில் படாத பாடு பட்டார். குழாய் கழுத்தைச் சுற்றுகிறது என்றார், மூக்கு காய்கிறது என்றார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெல்ல மெல்லப் பழகிவிட்டது. தலைவலி போயிற்று. ஒருநாள் கன்னத்தில் முகமூடிப் பட்டையின் தடத்தோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மலர்ந்த முகத்தோடு வாசல் அறைக்கு வந்தார்.

"இன்னிக்குத்தான் அண்ணி நான் தூங்கியிருக்கேன். இத்தனை வருஷமா தூங்கவே இல்ல போல. இவ்வளவுதானா? இதை மாட்டிக்கிட்டா போதுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரியம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் உண்மையாகவே இருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"இவ்வளவுதான் தம்பி," என்றாள். "ஒருநாள் அவரையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா போதும்."