லெப்டினன்ட்டின் தோளில் ஒரு பிசிறு

போன வாரம் மண்ணரையில் சரசக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மகளைப் பார்க்க அமெரிக்கா போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். முப்பது வருஷமாகப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர் — தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கும் வேலை. விமானம் ஏறியது இதுதான் முதல் தடவை.

மகள் கவிதா கல்யாணமாகி அங்கே போனவள். கிரீன் கார்டோடு அந்த நாட்டு ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தாள். ஆபீசர் பயிற்சிக்கும் தேர்வானாள். அங்கேதான் சிக்கல்... ஆபீசராக அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். மற்ற வெளிநாட்டு இந்தியர்கள் விசா இல்லாமல் வந்துபோகக் கிடைக்கும் ஆயுள்கால அட்டையும் அயல்நாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்குக் கிடையாது. பெற்ற தாயைப் பார்க்க வருவதற்கும் விசா!

"நீ வேண்டான்னா சிப்பாயாவே இருந்துக்கறேம்மா" என்று போனில் அழுதிருக்கிறாள். சரசக்கா என்னிடம் யோசனை கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிப் பழகிய வாய், சும்மா இருக்குமா?

அக்கா மூன்றாம் நாள் மகளிடம் சொன்னாராம்: "பாஸ்போர்ட்டத்தானே கண்ணு கேக்கறாங்க, குடுத்துரு. நீ எம்புள்ளைங்கறத ஆரும் கேக்கலியே."

குடியுரிமை வந்தது. பயிற்சி முடிந்தது. பதவியேற்பு நாளில் புது ஆபீசரின் தோளில் பதவிச் சின்னத்தைக் குத்துவது குடும்பத்தார்தான் — அங்கே அது வழக்கம். கவிதா அம்மாவை மேடைக்கு அழைத்தாள்.

சரசக்கா குத்தினார். குத்திய கை கீழே இறங்கவில்லை. தோள் தையலில் ஒரு பிசிறு! எப்போதும் கூடவே இருக்கும் சின்னக் கத்தரியை ஏர்போர்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்ன செய்வார்? எட்டிப் பல்லால் கடித்து எடுத்துவிட்டார்.

மேடையில் இருந்த கர்னல் என்னவென்று கேட்க, கவிதா விளக்கினாள். அவர் விறைப்பாக அக்கா முன்னால் வந்து நின்று, தன் தோளைக் காட்டினாராம். அப்புறம் எழுந்த கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்றாம்.

"அவரு தோள்ல இருந்துச்சாக்கா?"

"ரெண்டு இருந்துச்சுங்க தம்பி."

சிரித்தேன். கண்ணும் கலங்கிவிட்டது. பாஸ்போர்ட் மாறினால் உறவே அறுந்துவிடும் என்று பயந்தவன் நான்தானே? பொங்கலுக்குக் கவிதா வருகிறாளாம். தோற்றதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல், "என்ன இருந்தாலும் பொறந்த ஊட்டுக்கு விசா வாங்கிட்டு வர்றதாக்கா?" என்றேன்.

"வாங்கிட்டு வரட்டுங்க தம்பி. நானும் வாங்கிட்டுத்தானுங்க போனேன்."