மெர்வென் மறுத்த மகன்

மெர்வென் பீர் காய்ச்சிப் பிழைத்தவள். இங்கிலாந்தின் சதுப்புநிலத்து ஹோல்வேர் ஊரில் பாதிப் பேர் அவள் பீரைத்தான் குடித்தார்கள். மீதிப் பாதிப் பேர் குடித்துவிட்டு நன்றாக இல்லை என்று சொன்னார்கள். யாருக்கும் அளவு குறைத்து ஊற்றமாட்டாள். அதே சமயம் யார் வாயையும் பொறுத்துக்கொள்ளவும் மாட்டாள்.

அவள் வாழவந்த வீடு இப்போது கோட்டைக்கு அடியில் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் படையோடு வந்து நாட்டைப் பிடித்த நாலாம் வருஷம் ஊர் நடுவே இருபத்தாறு வீடுகளை இடித்து, மலைபோல் மண்ணைக் குவித்து, உச்சியில் மரக்கோட்டை கட்டினார்கள். மண் சுமந்தது ஊர்க்காரர்கள்தான். மெர்வெனின் புருஷன் தன் வீட்டு அடுப்படி மண்ணையே கூடையில் அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டினான். அந்தக் குளிர்காலத்திலேயே நெஞ்சுச்சளி கட்டிச் செத்தும்போனான்.

அதற்குப் பிறகு அவளைத் தாங்கியது கொழுந்தன் தூர்ஸ்டன். தன் கொல்லையில் அவளுக்குக் குடிசை போட்டுக் கொடுத்தான். விலாங்கு பிடித்தால் முதல் மீன் மதினிக்குத்தான். அவன் பெண்டாட்டி முணுமுணுத்துப் பார்த்தாள், பலிக்கவில்லை.

ஒரே மகன் ஆல்நோத்துக்குப் பன்னிரண்டு வயதானபோது கோட்டையில் இருந்த ஒரு குதிரைவீரன் அவனை லாயத்து வேலைக்குக் கூட்டிக்கொண்டு வடக்கே போனான். எட்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. இந்த வசந்தத்தில் கோட்டைக்குப் புதிய அதிபதி வந்து இறங்கினார். அவருடைய காவலாட்களில் ஒருவன் ராபர்ட். மீசை இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி பிடரியை மொட்டையாகச் சிரைத்திருந்தான், வாயைத் திறந்தால் பிரெஞ்சு. கடலுக்கு அப்பால் ரூவான் பட்டணத்துக்காரனாம், தாய் அங்கே இருக்கிறாளாம்.

அவன் இரண்டு சிப்பாய்களோடு பீர் வாங்க வந்தான். பானையைக் காட்டிப் பிரெஞ்சில் என்னவோ கேட்டான். கூட வந்தவன் அரைகுறையாக மொழிபெயர்த்தான். மெர்வென் நிமிர்ந்து பார்த்தாள். இடது புருவத்தில் வாத்து கொத்திய தழும்பு. அந்தக் காயத்துக்குப் பச்சிலை அரைத்துப் போட்டவளே அவள்தான்! அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.  ஆல்நோத் என்று அவள் கூப்பிடவில்லை. பிரெஞ்சுக்காரன் என்று நம்பித்தான் அவனுக்குக் குதிரையும் கத்தியும் கொடுத்திருக்கிறார்கள், காட்டிக்கொடுத்தால் பிழைப்பு போய்விடும் என்று அவளுக்குப் புரிந்தது. பானை வழிய வழிய ஊற்றிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

ஊர்க்காரர்கள் செய்த தப்பு ஒன்றுதான். சிரைத்த பிடரியைப் பார்த்தால் அவர்களுக்கு அது வெறும் சுவர். காது இருக்கிறது என்றே நினைக்கமாட்டார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று அதிபதியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், அது ஒரு விளையாட்டு. அதே நினைப்பில்தான் தூர்ஸ்டனும் ஒருநாள் படகுத்துறையில் நின்றுகொண்டு, வரிக்குக் கணக்கெடுக்க வந்தவர்களுக்குக் காட்டாமல் நாணலுக்குள் மறைத்து வைத்திருக்கும், மீனை அடைத்துப் பிடிக்கிற மூன்று மீன்பட்டிகளைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசினான். ராபர்ட் பக்கத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மூன்று பட்டியும் கோட்டைக்குப் போய்விட்டன.

பத்து நாள் கழித்து ராபர்ட் வாய்க்காலில் செத்துக் கிடந்தான். முதுகில் விலாங்கு ஈட்டி குத்திய தடம். அந்த ஈட்டி இல்லாத வீடு ஹோல்வேரில் இல்லை.

பிரெஞ்சுக்காரன் ஒருவன் செத்தால் ஊர் என்ன பாடுபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொலையுண்டு கிடப்பவன் எவனானாலும் முதலில் பிரெஞ்சுக்காரன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஏழு நாளுக்குள் கொன்றவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்ந்து நாற்பத்தாறு மார்க் வெள்ளி கட்ட வேண்டும். ஊர் எருதுகளை எல்லாம் விற்றாலும் அதில் கால்வாசி தேறாது. தப்பிக்க ஒரே வழி, செத்தவன் எங்கள் இங்கிலீஷ்காரன்தான் என்று உறவுக்காரர்கள் சத்தியம் செய்வது. தகப்பன் வழியில் இரண்டு பேர், தாய் வழியில் ஒருவர். சத்தியம் நின்றுவிட்டால் அபராதமும் இல்லை, விசாரணையும் இல்லை. இங்கிலீஷ்காரனை எவன் கொன்றால் கோட்டைக்கு என்ன!

புருவத் தழும்பை மெர்வென் மட்டும் பார்க்கவில்லை. பிணத்தைப் புரட்டியதும் ஊரே பார்த்தது. ‘அட, நம்ம ஆல்நோத்’ என்று முதல் வாய் சொன்னபோது எல்லோருக்கும் நிம்மதிப் பெருமூச்சு. தகப்பன் வழிக்குத் தூர்ஸ்டனும் அவன் சித்தப்பா மகன் ஒருவனும் இருந்தார்கள். தாய் வழியில் உயிரோடு இருப்பது மெர்வென் ஒருத்திதான்.

தூர்ஸ்டனே அவளிடம் வந்தான். அவள் மகனின் பழைய சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிணத்தைக் கழுவித் தன் கையால் புதைக்கலாம் என்பது ஒன்றுதான் அப்போது அவள் மனதில் இருந்தது. சத்தியம் செய்ய அவளுக்குத் தடையே இல்லை.

“நாளைக்கு எம்மவன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க மதினி. அதோட முடிஞ்சிது. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“கொன்னவனையுமா கேக்க மாட்டாங்க?”

“எவன் கொன்னா என்ன? போன உசிரு திரும்பியா வரப்போவுது? அவனும் நமக்குச் செஞ்சது கொஞ்சமா?”

அவன் போனபின் அவள் யோசித்துப் பார்த்தாள். கோழியைத் திருடினால்கூட ஊர் கூடி விசாரிக்கும். என் பிள்ளை என்று நான் சொன்னால் அவன் சாவுக்குக் கேட்பார் இல்லை. என் பிள்ளை இல்லை என்றால் ஊரே எழுந்து நின்று கேட்கும். இது பிடிபட்டதும் மடியில் இருந்த சட்டையை மடித்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் கோட்டை வாசலில் விசாரணை. அதிபதி மேலே இருந்து இறங்கிக்கூட வரவில்லை, எழுத்தரையும் மொழிபெயர்ப்பாளனையும் அனுப்பியிருந்தார். தூர்ஸ்டன் வேதப்புத்தகத்தில் கைவைத்து, அண்ணன் மகன் என்றான். சித்தப்பா மகனும் சொன்னான். பிறகு மெர்வெனைக் கூப்பிட்டார்கள். பிணத்தின் முகம் திறந்திருந்தது. தலையில் சேறு காய்ந்திருந்தது. துடைத்துவிட வேண்டும்போல் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இது யாரோ. எம்மவன் இல்ல” என்றாள்.

மொழிபெயர்ப்பாளன் மறுபடி கேட்டான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். எழுத்தர் எழுதிக்கொண்டார். பிணத்தைக் கோட்டைச் சிற்றாலயத்துக்குத் தூக்கிப்போனார்கள். அவளைக் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிடுவார்கள்?

முதல் இரண்டு நாள் ஊர் அவளைக் காறித் துப்பியது. பெற்ற பிள்ளையையே தலைமுழுகிவிட்டாள் என்றார்கள். பீர்ப் பானையை உடைத்தார்கள். மூன்றாம் நாள் எருதுகளை எண்ண ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, உங்கள் ஊர்க் கொலைக்கு நாங்கள் ஏன் அழவேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். அதன்பிறகு ஒருவரை ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள், அவன் செத்த அன்று யார் எங்கே இருந்தார்கள் என்று துருவினார்கள். கோட்டையிலிருந்து ஒரு சிப்பாய்கூட இறங்கி வரவில்லை, வரவேண்டிய தேவையும் இல்லை. ஆறாம் நாள் காலையில் ஊர்க்காரர்களே கொலைகாரனைக் கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். கயிற்றின் முனையைப் பிடித்திருந்தவன், கூடச் சேர்ந்து சத்தியம் செய்த அதே சித்தப்பா மகன். கட்டப்பட்டிருந்தவன் தூர்ஸ்டன்.

மெர்வென் வாசலில் நின்றாள். அவனாக இருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. குளிர்காலம் முழுக்கத் தன் அடுப்பில் எரிக்கச் சதுப்புக் கரிமண் சுமந்த தோள், தன் கூரைக்கு நாணல் வேய்ந்த கை. அவனைக் கொன்றுபோடவும் தோன்றியது, கட்டை அவிழ்த்துவிடவும் தோன்றியது.

கோட்டைப் பாதையில் அவளைக் கண்டதும் அவன் காலை ஊன்றி நின்றுவிட்டான்.

“மதினி, இப்பவாவது சொல்லுங்க. அவன் நம்ம ஆல்நோத்துன்னு சொல்லுங்க. நான் உழைச்சு உழைச்சு அந்த ரத்தப் பணத்தைக் கட்டிருவேன். எம்புள்ளைக மூணு பேரு இருக்காங்க மதினி.”

அவன் சொன்னது நிஜம். இங்கிலீஷ்காரனை இங்கிலீஷ்காரன் கொன்றால் தூக்கு கிடையாது, ஈடு கட்டினால் போதும். உடன் வந்த மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தச் சதுப்புநிலத்துப் பேச்சு சரியாகப் பிடிபடவில்லை. என்ன சொல்கிறான் என்று அவளைக் கேட்டான்.

மெர்வென் தூர்ஸ்டனின் முகத்தைப் பார்த்தாள். அதில் அவள் புருஷன் சாயல் இருந்தது.

“பயத்துல என்னமோ உளறுதான்” என்றாள்.

அன்று மாலையே தூக்கிலிட்டார்கள். தூர்ஸ்டன் பெண்டாட்டி கொல்லைக் குடிசையைப் பிடுங்கிப் போட்டாள். மெர்வென் ஊர் எல்லையில் மாட்டுக் கொட்டகை ஒன்றில் போய் ஒண்டிக்கொண்டாள். அவளோடு யாரும் பேசவில்லை. 

செத்தவனுக்கு முப்பதாம் நாள் பூசை வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வழக்கப்படி, கல்லறைக்கு வந்து அழுது ஜெபிக்கிற ஏழைகளுக்கு ரொட்டி தருவார்கள். அன்றைக்கு மட்டும் கோட்டைக்குள் யாரும் போகலாம். பிச்சைக்காரர்களோடு மெர்வெனும் வரிசையில் நின்று உள்ளே போனாள். சிற்றாலயத்தின் சுவரோரம் புதுமண். மேலே ராபர்ட் என்று வெட்டிய பலகை. அவளுக்கு எழுத்துத் தெரியாது, பக்கத்தில் இருந்தவள்தான் யாரிடமோ கேட்டுச் சொன்னாள். மற்றவர்கள் முட்டிபோட்டு முனகிவிட்டு எழுந்துவிட்டார்கள். மெர்வென் எழுந்திருக்கவில்லை. மண்ணில் முகத்தை வைத்துக் குரல் உடைய அழுதாள். முப்பது நாள் அழுகை. யாரும் தடுக்கவில்லை. அழத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்?

ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்த கோட்டைச் சமையற்காரன் கடல் கடந்து வந்தவன், நல்ல மனுஷன். ஊர் பாஷை கொஞ்சம் பழகியிருந்தான். அவள் முறை வந்ததும் கையை நிறுத்தினான்.

“யாரு பெத்த பிள்ளைக்கோ இப்படி அழுதியேம்மா” என்று சொல்லி, ஒன்றுக்கு இரண்டாக ரொட்டியை எடுத்து நீட்டினான்.

மெர்வென் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.