'வழிநடத்தினார்' என்ற ஒரு சொல்லுக்காக

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் சுவிஸுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஓல்டனில் அண்ணாவுடன் ஒரே அறையில் இருந்தேன். எங்கள் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஓர் இளைஞர் அமைப்பு கோடை விடுமுறையில் ஜூரா மலையில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறது, சமையலறைக்கு ஆள் தேவை என்று அண்ணா வேலை செய்த இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று கிழமை வேலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

சமையலுக்குப் பொறுப்பாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சுவிஸ் பெண் இருந்தார். அதிகம் கதைக்கமாட்டார். நான் உருளைக்கிழங்கு உரிக்கும் வேகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். முகாம் தலைவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன். அங்கே சின்னவர், பெரியவர் எல்லாரும் ஒருவரையொருவர் ஜெர்மனில் 'து' என்றே கூப்பிட்டார்கள். நம்முடைய 'நீ' மாதிரி. தலைவரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். முதல் நாள் எனக்கு நாக்குக் கூசியது. பிறகு பழகிவிட்டது.

ஐந்தாம் நாள், ஒன்பது சிறுமிகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண் மலைப்பாதையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் தலைவர் சமையலறைக்கு வந்தார்.

"வேற ஆள் வரும்வரைக்கும் அந்தப் பிள்ளையளை நீ பாப்பியோ?"

கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓம் என்றேன். வேறு ஆள் கடைசிவரை வரவில்லை. பதினாறு நாள் அந்த ஒன்பது பேரும் என்னுடைய பொறுப்பு.

அவர்களுக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். நான் ஜெர்மனில் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். திருத்துவார்கள். திருத்தியதை மூன்று தரம் சொல்ல வைப்பார்கள். ஒருத்திக்குக் காலையில் படுக்கை நனைந்திருக்கும். மற்றவர்கள் எழும்ப முன்பே விரிப்பை மாற்றி, 'இன்றைக்கு விரிப்புத் தோய்க்கும் நாள்' என்று எல்லாருடைய விரிப்பையும் சேர்த்து உருவிவிடுவேன். கிழமைக்கு மூன்று தோய்க்கும் நாள் வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் மேலே உள்ள பண்ணை வீடுவரை நடந்து போக வேண்டும். பாதி வழியில் பனிப்புகார் இறங்கியது. ஐந்து அடிக்கு அப்பால் நின்ற பிள்ளை வெறும் நிழலாகத் தெரிந்தாள். முன்னால் போன குழு நிற்காமல் போய்விட்டது. நான் விளையாட்டுக்குக் கொண்டுபோயிருந்த கயிற்றை எடுத்து ஒவ்வொருத்தியையும் பிடிக்கச் சொன்னேன். தமிழில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். ஆளுக்கொரு எண். நான் நின்று நின்று கூப்பிட, ஒவ்வொரு குரலாகத் திரும்பி வந்தது. 'ஏழு' மட்டும் 'ஏலு' என்று வரும். ஒன்பதையும் கேட்ட பிறகுதான் அடுத்த அடி வைப்பேன். அப்படியே கீழே கூட்டிவந்தேன். போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று மற்றக் குழுவின் பொறுப்பாளன் கேலி செய்தான். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாளுக்கு முதல் நாள், சமையல்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். இந்த நாட்டில் வேலை முடித்துப் போகும்போது முதலாளி ஒரு சொய்க்னிஸ், அதாவது வேலைச் சான்றிதழ், எழுதித் தருவார். அது இல்லாமல் அடுத்த வேலைக்குக் கதவு திறக்காது. "வாங்கின உடனே மடிச்சு வைக்காதை. ஒவ்வொரு சொல்லையும் வாசி" என்றார்.

மறுநாள் காலை பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். பத்து மணிக்கு மலையடிவாரம் போகும் மஞ்சள் தபால் பேருந்து. நான் தலைவரின் கந்தோர் அறைக்குப் போனேன். தலைவர் எழும்பி நின்று கைகொடுத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு நன்றி அட்டையும் சான்றிதழும் தந்தார். அங்கேயே நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். சமையலறை உதவியாளராக மூன்று கிழமை வேலை செய்தார். சுத்தமானவர். பணிவானவர். அவ்வளவுதான். ஒன்பது பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"பிள்ளையளைப் பாத்தது எங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அப்போதுதான் கவனித்தேன், அவர் 'து' என்பதை விட்டுவிட்டு, அந்நியர்களைக் கூப்பிடுவதுபோல் 'நீங்கள்' என்று பேசிக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பதிஞ்சது சமையலறைக்கு. உங்கட வேலை அனுமதியும் அதுக்குத்தான். பயிற்சி இல்லாத ஒராள் பிள்ளையளைப் பாத்ததெண்டு நான் எழுதினால், தாய் தகப்பன் கேப்பினம். காப்புறுதிக்காரர் கேப்பினம். உங்களுக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது. எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் பொறுக்கி எடுத்தேன். "பிள்ளை தரேக்கை பேப்பர் கேக்கேல்லை. இப்ப ஏன் பேப்பர்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்து வரப்போகிறது என்றார்.

"போகட்டும்" என்றேன்.

வெளியே வந்து கந்தோர் வாசலில் இருந்த மர வாங்கில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணிப் பேருந்து வந்து, கொஞ்ச நேரம் நின்று, போனது. அடுத்தது இரண்டு மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு முகாம் வீட்டைப் பூட்டித் திறப்பைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தலைவர் இரண்டு தரம் வந்து சொன்னார். நான் எழும்பவில்லை. என்னைச் சுற்றிக் கூட்டினார்கள், கதிரைகளை அடுக்கினார்கள். சமையல்காரம்மா ஒரு தட்டில் பாணும் சீஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் பயம்தான். பெட்டியை இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணா ஓல்டன் ஸ்டேஷனில் காத்திருப்பாரே என்ற நினைவு வந்தது. உள்ளே போய்த் தொலைபேசியைக் கேட்டேன். தலைவர் அதை என் பக்கம் தள்ளி வைத்தார். அண்ணா இன்னும் அறையில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரோ? வழக்கு முடியேல்லை. அவங்கள் பொலிசைக் கூப்பிட்டால் என்ன செய்வாய்? தந்ததை வாங்கிக்கொண்டு பேசாம வா."

"எழுதித் தராமல் வரமாட்டன் அண்ணா."

"நான் சொல்லுறன், வா."

"வரமாட்டன்."

வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு இல்லை என்று சொன்னேன். நானே தொலைபேசியை வைத்தேன்.

தமிழ் விளங்காவிட்டாலும் தலைவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். யார், என்ன சொன்னார் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"என்ர அண்ணா. வா எண்டு சொல்லுறார். அவருக்குப் பயம். உனக்கும் பயம். எனக்கும் பயம். ஆனால் நான் போகமாட்டன்."

நான் 'உனக்கு' என்றே சொன்னேன். அவர் 'நீங்கள்' என்றதற்காக நானும் மாறுவேன் என்று நினைத்திருந்தால் அது நடக்கவில்லை.

அவர் கதிரையை மேசைக்கு இழுத்தார். பிறகு தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினார். ஒன்பது சிறுமிகளைப் பராமரிக்க உதவினார் என்று அடித்துக் காட்டினார். யாருக்கு உதவினேன் என்று கேட்டேன். தாளை உருவிக் கசக்கினார். அடுத்த தாளில் 'பதினாறு நாட்கள் ஒன்பது சிறுமிகளின் குழுவைத் தனியாக வழிநடத்தினார்' என்று எழுதினார். அகராதியில் அந்தச் சொல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

'பணிவானவர்' என்பதில் விரலை வைத்து, இதையும் எடுக்க வேண்டும் என்றேன்.

"அது பாராட்டு" என்றார்.

"இண்டைக்குப் பொருந்தாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது தாளைச் செருகினார். அதற்குப் பதிலாக 'நம்பத்தகுந்தவர்' என்று போட்டுக் கையெழுத்து வைத்தார். இரண்டு மணிப் பேருந்தில் ஏறினேன்.

அண்ணா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிவந்து, அந்தத் தாளை அதற்குள் வைத்தார்.

சில வருடங்கள் கழித்து, எங்களுக்கு அனுமதி கிடைத்த பிறகு, ஆராவ் நகரில் ஒரு சிறுவர் இல்லத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். அதற்கு முன் நான்கு இடங்களில் முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அங்கே என்னை நேர்முகம் கண்ட பெண் சான்றிதழின் அந்த ஒரு வரியில் நின்றார். "தனியாகவோ? அப்ப உங்களுக்கு எவ்வளவு ஜெர்மன் தெரியும்?" என்று கேட்டார். "பிள்ளையளுக்குத் தெரிஞ்சிருந்தது" என்றேன். அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்தத் துறையில்தான் இருந்தேன்.

கிடைத்ததை வாங்கிக்கொண்டு போவதுதான் வந்த நாட்டில் நமக்கு நல்லது என்று இன்றைக்கும் யாராவது அக்கறையோடு சொன்னால், அந்த வாங்கில் இருந்தபோது வந்த கோபம் எனக்குள் அப்படியே எழுகிறது. அது ஒருநாளும் தணிந்துவிடக்கூடாது என்றுதான் விரும்புகிறேன்.