இருபத்தெட்டுப் பக்கங்கள்

2006 நவம்பர் 13, திங்கட்கிழமை, காலை பதினொன்று ஐந்து. விடிய விடியப் பெய்த மழை ஓய்ந்து தூறலாகியிருந்தது. கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று. தேர்வுப் பிரிவின் அலுவலக உதவியாளர் குடையை வாசலிலேயே போட்டுவிட்டு என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சார், நாலாம் நம்பர் ஹால்ல பேப்பர் கேட்டுகினு கீறாங்க."

"என்ன பேப்பர்?"

"எழுதற பேப்பர்தான் சார். புக்கு ரொம்பிப் போச்சாம்."

"எத்தனை பேருக்கு?"

"எண்ணல சார். நிறையப் பேரு கையத் தூக்கிகினு கீறாங்க. உங்கள மாதிரி எண்ற பழக்கம் எனக்கு ஏது."

அந்த விடைப்புத்தகத்தில் இத்தனை பக்கங்கள் இருந்தால் போதும் என்று முடிவு செய்தவன் நான்.

தாம்பரத்தை அடுத்த ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். ஓய்வுபெற ஐந்தரை மாதங்கள் பாக்கி. அதற்கு முந்தைய ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்ச்சி உயர வேண்டும், அரியர் குறைய வேண்டும், அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கக் கூடாது. மூன்று வரிதான். அரியர் வைத்திருக்கும் மாணவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு எடுத்தால் தேறுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வகுப்பெடுப்பவருக்கு மணிக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த நூற்றைம்பது எங்கிருந்து வரும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அதை நான் கண்டுபிடித்தேன். அப்போது ஒரு விடைப்புத்தகம் நாற்பத்து நான்கு பக்கம். திருத்தி முடித்து, எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த கட்டுகள் என் அறைக்குப் பின்னாலேயே இருந்தன. எல்லாம் அரியர் தேர்வின் கட்டுகள். மதிய உணவு நேரத்தில் நாளொன்றுக்கு முப்பது வீதம், இருபது நாட்களில் அறுநூறு புத்தகங்களைப் பிரித்து, எழுதிய பக்கங்களை எண்ணினேன். சராசரி பதினேழு. மிக அதிகமாக எழுதியவர் இருபத்தேழு. அதற்கு மேல் அறுநூறில் ஒருவர்கூட இல்லை. ஆகவே இருபத்தெட்டுப் பக்கம் போதும் என்று குறிப்பு எழுதினேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு ரூபாய் அறுபது காசு மிச்சம். ஆண்டுக்கு அறுபதாயிரம் புத்தகங்கள். தொண்ணூற்றாறாயிரம் ரூபாய். அதாவது அறுநூற்று நாற்பது மணி நேர வகுப்பு.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், எங்கள் பேச்சில் கன்ட்ரோலர், என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். குறிப்பைப் படித்துச் சிரித்தார். "சார், வெள்ளைத் தாள்லயிருந்து வாத்தியார் சம்பளம் எடுத்துட்டீங்க," என்றார். அடியில் 'முன்மொழிந்தபடி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். முன்மொழிந்தது யார் என்பதை அந்த ஒரு சொல் என்றைக்கும் காட்டிக்கொண்டிருக்கும். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வகுப்புகள் நடந்தன. பொறுப்பேற்றவர் கணிதத் துறையின் விரிவுரையாளர் ஒருவர், நாற்பது வயதுப் பெண்மணி. புதிய புத்தகத்தின் முதல் சோதனை அந்தத் திங்கட்கிழமை நடந்த கணித அரியர் தேர்வு. ஒன்பதரை மணி முதல் பன்னிரண்டரை வரை. பதிவு செய்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வந்தவர்கள் இருநூற்றுத் தொண்ணூற்றொருவர்.

என் அறையிலிருந்து நான்காம் கூடத்துக்கு அறுபத்திரண்டு அடி. அன்று எண்ணாமல் ஓடினேன். இருபத்தெட்டுப் பேர் இருந்த கூடத்தில் ஒன்பது பேர் கையைத் தூக்கியிருந்தார்கள். ஏழாம் கூடத்தில் பன்னிரண்டு பேர். ஜன்னலோரம் ஒரு பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதிய வரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

வராண்டாவில் கணித விரிவுரையாளர் நின்றிருந்தார். தன் பாடத் தேர்வு நடக்கும் கூடத்துக்குள் அவர் வரக் கூடாது என்பது விதி. அதனால் வாசலோடு நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி எழுத இவங்களுக்கு என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன். கேள்வி அவமானமாக வந்து விழுந்தது.

"நான்தான் சார் சொன்னேன். ஒரு கேள்வியும் விடாதீங்க, விடை வருதோ இல்லையோ ஒவ்வொரு ஸ்டெப்பையும் எழுதுங்க, ஸ்டெப் மார்க் வரும்னு. மூணு மாசமா அதைத்தான் பழக்கினேன். புக்குல பக்கம் குறைச்சது எனக்குத் தெரியாதே சார்."

அவரிடம் நான் சொல்லவில்லை. என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று அவரிடம் கேட்கவும் இல்லை. நான் எண்ணிய அறுநூறும் அரியர் தேர்வில் கைவிட்டு எழுந்து போனவர்களின் புத்தகங்கள். தெரியாதவர்கள் பதினேழு பக்கம் எழுதுவார்கள். தெரிந்தவர்கள் எத்தனை எழுதுவார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்த வெள்ளைப் பக்கங்களைக் குறைத்த காசில் இவர்களைத் தெரிந்தவர்களாக்கியிருந்தோம்.

உதிரியாகப் பதினெட்டுப் புத்தகம், வராதவர்களுடையது இருபத்தொன்று, ஆக முப்பத்தொன்பது இருந்தன. பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. அடுத்த தவணை சிவகாசியிலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தது. வைக்க இடம் வீணாகாமல் தவணை தவணையாக வரவழைக்கலாம் என்றதும் என் யோசனைதான். கன்ட்ரோலர் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தோடு வேலைவாய்ப்புப் பேச்சுவார்த்தையில் இருந்தார். கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அவர் கையெழுத்தில்லாமல் அலுவலகப் பெட்டியிலிருந்து பத்து ரூபாய் எடுக்க முடியாது.

தேர்வு நின்றால் என்ன ஆகும் என்பதை நான் வரிசையாகப் பார்த்துவிட்டேன். மறுதேர்வு, மறியல், பத்திரிகைச் செய்தி, எனக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான பதினேழு பி குறிப்பாணை. அது நிலுவையில் இருந்தால் ஓய்வூதியம் முழுதாக வராது. வகுப்புகளும் அன்றோடு மூடப்படும். தாள் மிச்சம் பிடித்து நடத்திய வகுப்பு என்றால் இனி யாரும் அந்தக் கோப்பைத் தொட மாட்டார்கள். சட்டைப் பையில் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் இருந்தது. மின் கட்டணம் கட்டுவதற்காக மனைவி கொடுத்தனுப்பியது. அன்றுதான் கடைசி நாள்.

வாசலில் ஓர் ஆட்டோ. கிழக்குத் தாம்பரம் போய்த் திரும்ப நூற்று நாற்பது என்றார் ஓட்டுநர். நான் பேரம் பேசாமல் ஏறியதைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா சார் இம்மாம் அவசரம், ஆஸ்பத்திரியா?"

"பரீட்சை."

கண்ணாடியில் என் நரைத்த தலையைப் பார்த்தார். "இந்த வயசுல ஏன் சார் இந்த பேஜாரு. பாஸாயி இன்னா பண்ணப் போறீங்க."

சேலையூர்ப் பக்கம் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி வண்டியைத் தள்ளாத குறையாக நகர்த்தினார். பதினொன்று முப்பத்தெட்டுக்கு எழுதுபொருள் கடையில் இறங்கினேன். கடைக்காரர் எனக்குப் பதினோரு ஆண்டுப் பழக்கம். எந்தப் பொருளுக்கும் மூன்று கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் அவரிடம் வருவேன்.

"வாங்க சார். இன்னிக்கு எந்தெந்தக் கடையில விசாரிச்சுட்டு வர்றீங்க?"

"பாய், ஃபுல்ஸ்கேப் தாள் வேணும். கோடு போடாதது."

"எத்தனை ரீம்?"

ஆளுக்கு இரண்டு தாள், இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர், ஒரு ரீமுக்கு நானூற்றெண்பது. பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும். எனக்கு விடை வரவில்லை. கடைசியில், "இருக்கறதெல்லாம் கொடுங்க," என்றேன்.

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "எல்லாம்னா பதினோரு ரீம் இருக்கு சார். ஆட்டோவுல நீங்க ஏற முடியாது, தாள் மட்டும்தான் போகும். உக்காருங்க முதல்ல. என்ன ஆச்சு?"

சொன்னேன். அவரே மனக்கணக்காகப் போட்டு, "ரெண்டு போதும், மழைக்கு நாலா எடுத்துக்குங்க," என்றார். ரீம் நூற்று அறுபத்தைந்து. கட்டுவதற்கு டேக் மூன்று பொட்டலம். முத்திரை மை ஒரு புட்டி. பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ரீமுக்கும் சுற்றிக் கட்டி, அதற்குக் காசு வேண்டாம் என்றார். பாக்கிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பதினோரு ஆண்டில் அது ஒரே முறை.

பன்னிரண்டு நான்குக்குத் திரும்பினேன். முத்திரை இல்லாத தாள் கூடத்துக்குள் போகக் கூடாது. உதவியாளர் முத்திரை குத்த, கணித விரிவுரையாளர் தாள்களை இரண்டிரண்டாகப் பிரிக்க, நான் ஒவ்வொரு தாளின் மூலையிலும் சுருக்கொப்பம் வைத்தேன். அவசரத்தில் ஒரு சுருக்கொப்பம் போல மற்றொன்று இல்லை. பன்னிரண்டு பதினெட்டுக்குப் பதினோரு கூடங்களுக்கும் தாள் போய்ச் சேர்ந்தது. ஏழாம் கூடத்து ஜன்னலோரப் பெண் தாளை வாங்கிய கையோடு குனிந்துவிட்டாள். யார் கொடுத்தது என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் பலர் அரை மணி நேரத்துக்கு மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். நேரத்தை நீட்டிக்க வேண்டும். அந்த அதிகாரம் கன்ட்ரோலருக்கு மட்டுமே.

"நீங்க போடுங்க சார்," என்றார் விரிவுரையாளர்.

"எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"பக்கத்தைக் குறைக்க இருந்துச்சா?"

பதிவேட்டைத் திறந்து, எல்லாக் கூடங்களுக்கும் நாற்பது நிமிடம் நீட்டிப்பு என்று எழுதினேன். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

உதவியாளர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மழைன்னு போட்ருங்க சார். அது பாட்டுக்கு பேஞ்சுகினுதானே கீது. யாரு கேக்கப் போறா."

உண்மையில் மழை மறுபடி வலுத்திருந்தது. ஆனாலும் 'விடைப்புத்தகத்தில் பக்கங்கள் போதாமையால்' என்று எழுதினேன். நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொய் எழுதிப் பிடிபடும் பயம் உண்மை எழுதும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மாலை நான்கு மணிக்குக் கன்ட்ரோலர் வந்தார். பதிவேட்டைப் படித்தார். "நோட் போட்டது நீங்க சார்," என்றார்.

"ஆமாம் சார்."

"கம்பெனிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? அரியர் இல்லாத பசங்கள மட்டும் அனுப்புங்கன்னான். அதைக் கேட்டுட்டு வந்தா இங்க இது." பதிவேட்டை மூடிவிட்டார். கையெழுத்திடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. புதன்கிழமை முதல் கூடுதல் தாள் கொடுக்க மட்டும் உத்தரவிட்டார். அதில் ஆண்டுக்கு முப்பதாயிரம் போகும். மிச்சம் அறுபத்தாறாயிரம், நானூற்று நாற்பது மணி நேரம்.

கீழ்க்கட்டளையில் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ரசீதைக் கேட்டார். கட்டவில்லை என்றேன். "உலகத்துக்கே கணக்கு பார்ப்பீங்க, கரண்டு பில்லுக்கு மட்டும் மறந்துடும்," என்றார். காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் தூங்க மாட்டார். மறுநாள் பிற்பகல் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு நாற்பத்து மூன்று நாட்கள். கன்ட்ரோலர் அறையில் மணி அடிக்கும்போதெல்லாம் குறிப்பாணை என்றே நினைத்தேன். தபாலில் நீண்ட உறை வந்தால் முதலில் முகவரியைத் தடவிப் பார்ப்பேன். அந்தத் தாள்களில் அச்சிட்ட வரிசை எண் இல்லையே என்று விடைத்தாள் திருத்தியவர்களில் ஒருவர் எழுத்தில் கேட்டிருந்தார்.

டிசம்பர் 26 செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. முந்தைய முறை முந்நூற்றைந்து பேர் எழுதி எழுபத்தொருவர் தேறியிருந்தார்கள். இம்முறை இருநூற்றுத் தொண்ணூற்றொருவரில் நூற்று எழுபத்தாறு பேர். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். அதே நூற்று எழுபத்தாறுதான்.

கன்ட்ரோலர் தாளைப் பார்த்து, "நல்லதுதான் சார். ஆனா அரியர் ஃபீஸ் வருமானம் குறையுமே," என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஒரு மாணவர் ஒரு தாளை மறுபடி எழுதக் கட்டும் கட்டணம் அறுபது ரூபாய். அச்சு, கண்காணிப்பு, திருத்தம், மதிப்பெண் சான்று எல்லாம் சேர்த்து அவருக்காக நமக்கு ஆகும் செலவு எண்பத்து மூன்று. ஒவ்வொரு தோல்விக்கும் இருபத்து மூன்று ரூபாய் கைவிட்டுப் போகிறது, சார், என்று தாளை நீட்டினேன். பிறகு நவம்பர் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். நாற்பது நிமிடம் என்று நான் எழுதிய வரிக்குக் கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். வகுப்புகளை அடுத்த ஆண்டும் நடத்தலாம் என்று கோப்பில் எழுதினார்.

"தாள் வாங்கினதுக்கு பில் வெச்சுக் காசு வாங்கிக்குங்க," என்றார்.

வாங்கவில்லை. மூன்று கடை விலைப்புள்ளி இல்லாமல் வாங்கிய தாள். பில் வைத்தால் தணிக்கை கேட்கும், தணிக்கை கேட்டால் பதிவேடு மறுபடி திறக்கும். ஓய்வுபெறும்வரை அது மூடியே இருக்கட்டும் என்றிருந்தேன். பிரிக்காத ரீம்களை அலுவலகத்திலேயே விட்டேன். பாயின் துண்டுச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தாள் அறுநூற்று அறுபது, டேக் எழுபத்தைந்து, மை பதினெட்டு. ஆட்டோ நூற்று நாற்பது. மின் இணைப்பை மறுபடி பெற அறுபது. மொத்தம் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று ரூபாய்.