மெழுகுவத்தி இல்லாத கல்லறை

இரண்டு வருடத்துக்கு முன்பு, சங்கரன்கோவிலில் எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது இது. புதிதாகக் குழி வெட்ட அங்கே இடமில்லை. வாரிசு இல்லாத பழைய கல்லறைகளை இடித்துவிடலாம் என்று கமிட்டியில் முடிவானது. எவை என்று பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆபீஸில் முப்பது வருடம் பட்டியல் போட்டவள் நான். எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பேன். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் சாயங்காலம், எல்லாரும் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றியதும் ஒரு சுற்று வந்தேன். எங்கே வெளிச்சம் இல்லையோ அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். பதினொரு கல்லறை தேறின. ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். சர்ச் வாசலில் அறிவிப்பும் ஒட்டினோம். மாதக்கணக்கில் ஒருவரும் வந்து கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இடிக்க ஜேசிபி வந்த அன்று காலை, கோடு போட்ட ஒரு கல்லறை முன்னால் ஐம்பது வயதிருக்கும் ஒருவரும் அவர் மனைவியும் குத்தவைத்திருந்தார்கள். கல்லின்மேல் கேந்திப்பூ. வாழை இலையில் சோறு, அகத்திக்கீரை. அவர் அண்ணாந்து பார்த்து "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏய்யா, இது எங்க கல்லறைத் தோட்டம்லா! இங்கன என்ன செய்யுதிய?"

அவர் பதறாமல் எழுந்தார். "இன்னிக்கு ஆடி அமாவாசைலா அக்கா. நாங்க கரிவலம் ஊருக்காரவுக. இந்த நர்ஸம்மாதான் எங்கம்மாவுக்குப் பேறு பாத்தது. கொடி சுத்தி, மூச்சு இல்லாமக் கெடந்தேனாம் நான். பிள்ளை போயிட்டுன்னு எல்லாரும் சொல்லியும், இவுக விடாம ஊதி ஊதி உசுரக் கொண்டாந்தாக. இவுகளுக்குன்னு யாரும் இல்லை. அம்மா இருந்தவரைக்கும் அவ வருவா. இப்ப நாங்க வாரோம்."

"கல்லறைத் திருநாளுக்கு வந்தா என்ன?"

"அது உங்க நாளுலா. எங்களுக்கு அமாவாசைதான தெரியும்."

காலையிலேயே வந்து போய்விடுவார்களாம். சோற்றைக் காக்காய் தின்றுவிடும், பூவை ஆடிக்காற்று கொண்டுபோய்விடும். பிறகு யாருக்குத் தெரியப் போகிறது!

இடிக்கப் போவதைச் சொன்னேன். அவர் ஜேசிபியைப் பார்த்தார், சிவப்புக் கோட்டைப் பார்த்தார். சண்டை போடவில்லை. "அப்ப, அடுத்த வருசம் எங்கன வந்து சோறு வைக்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கமிட்டியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் வாளியும் தேங்காய் நாருமாகப் போய், மற்ற பத்துக் கல்லையும் தேய்த்துப் பெயர்களைப் படித்தேன். ஊர் ஊராக விசாரித்தேன். இதுவரை ஏழு பேருக்கு ஆள் கிடைத்திருக்கிறது. அதில் ஒருவர் வாசுதேவநல்லூரில் பள்ளிக்கூடம் நடத்தியவர், அவரிடம் படித்தவர்கள் பஸ் ஏறி வந்தார்கள். இடத்துக்கும் வழி பிறந்தது. குடும்பத்துக்கு ஒரே கல்லறை போதும் என்று பலர் சம்மதித்துவிட்டார்கள்.

போன ஆடி அமாவாசைக்கு நர்ஸம்மாவின் கல்லறையில் நானும் அவர்களோடு நின்றேன். காக்காயைக் கூப்பிடத்தான் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

அந்தச் சிவப்புக் கோடு எவ்வளவு தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. இப்போதெல்லாம் ஒருவரை 'ஆள் இல்லாதவர்' என்று எழுதப் போனால் கை தானாக நின்றுவிடுகிறது. நான் போய்ப் பார்த்தது வருடத்தில் ஒரே ஒரு நாள்தானே.