ஜூன்தான் நல்ல சீசன்

மகள் குசினி மேசையில் இருந்து நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசிக்கொண்டிருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டேன். "அப்பா ஏன் வியர்டா இருக்கிறார்?" என்று அவள் தாயிடம் கேட்டது காதில் விழுந்தது. மற்றவர்களுக்குக் கியூட்டெக்ஸ் என்றால் கலியாண வீடு நினைவுக்கு வரும். எனக்கு வருவது மீன் தூண்டில்.

ஸ்காபறோவில் நான் நிலையாக வேலை செய்த முதல் இடம் ஒரு மெத்தை பக்டரி. தையல் மெஷின் ஒன்றுக்கு இரண்டு பேர். என்னோடு நின்றவன் பேரின்பம், மட்டக்களப்பான், வாவியில் வலை வீசி வளர்ந்தவன். இங்கே வந்தபிறகு, மேற்கே மலைக்கு மேல் இருக்கிற ஏரியில் ஒரு வெள்ளைக்காரன் இறகு கட்டின தூண்டிலைச் சுழற்றிச் சுழற்றி வீசுவதை ரீவியில் பார்த்துவிட்டான். அன்றோடு பிடித்தது பைத்தியம். மத்தியானம் நாங்கள் சோற்றுப் பெட்டியைத் திறக்க, அவன் ஒரு பிஸ்கட் டின்னைத் திறப்பான். உள்ளே சேவல் இறகு, பக்டரி நூல், மனைவியின் கியூட்டெக்ஸ். இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டி, முடிச்சு அவிழாமல் இருக்க ஒரு சொட்டுப் பூசுவான். என் சோறு முழுக்கக் கியூட்டெக்ஸ் மணக்கும்.

"உது மீனை ஏமாத்திப் பேய்க்காட்டிற வேலையெல்லோ," என்பேன்.

"ஓம் அண்ணன். பேய்க்காட்டத்தான் கெட்டித்தனம் வேணும்," என்று சிரிப்பான்.

நாங்கள் நாலைந்து யாழ்ப்பாணத்தார், ஆக்களுக்கு வசிய மருந்து வைக்கிற மட்டக்களப்பான் இப்ப மீனுக்கும் வைக்கிறான் என்று அவன் காதுபடவே சொல்லிச் சிரித்தோம். அவனும் சேர்ந்து சிரித்தான். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வருடத்தில் ஒரு கிழமைதான் சேர்ந்தாற்போல் லீவு. ஒரே மெஷின்காரர் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் போக முடியாது. சீனியர் அவன், மாதத்தை முதலில் கேட்பது அவன் உரிமை. எனக்கு வேண்டியது ஓகஸ்டில் கோயில் தேர்க் கிழமை. என்னைப் பக்திமான் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டு வேட்டியோடு முன் வடத்தில் நின்று நாலு பேர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் அவன் ஒரு மீன்பிடிப் புத்தகத்தோடு வந்தான்.

"எந்த மாசம் நல்லமெண்டு வாசிச்சுச் சொல்லுங்க அண்ணன். எனக்கு இங்கிலீஷ் ஓடாது."

புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது. உயரத்து ஏரிகளில் ஜூனிலும் ஐஸ் கிடக்கும். ஆறுகள் பனி உருகிக் கலங்கி ஓடும். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் பூச்சி பறக்கும், மீன் மேலே வந்து கவ்வும். ஓகஸ்ட் மிகத் திறம்.

"ஜூன்," என்றேன். "குளிர் முழுக்கப் பட்டினி கிடந்த மீன். கண்டதையும் கவ்வுமாம்."

அவன் முகம் மலர்ந்து, ஜூனுக்குக் கையெழுத்து வைத்தான். எனக்கு வாய் கூசவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூனில் மனைவியோடு கல்கரிக்குப் பிளேன் ஏறி, அங்கே வாடகைக் கார் எடுத்து, மலைக்குப் போய் வந்தான். எப்படி என்று கேட்டேன்.

"திறம் அண்ணன். நீங்க சொன்ன மாதிரியேதான். பிடிச்சுப் பிடிச்சுத் திருப்பித் தண்ணியில விட்டன்."

இவனுக்குத்தான் புத்தியில்லை என்றால் மீனுக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஓகஸ்டில் வடம் பிடித்தேன். அப்போது எடுத்த படம் இப்போதும் எங்கள் விறாந்தைச் சுவரில் தொங்குகிறது. அடுத்த வருடம் அவனுக்குக் கிட்னி இரண்டும் பழுதாகிவிட்டது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதன்பிறகு அவன் ரொறன்ரோவைத் தாண்டவே இல்லை.

போன மாதம் மோர்னிங்சைட்டில் அவனுடைய அந்தியேட்டி. செத்து முப்பத்தோராம் நாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நிற்க, அவன் மனைவி தங்கேஸ்வரி அந்தப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அண்ணனிட்டக் குடுக்கச் சொன்னவர்."

டின்னின் அடியில் ஒரு படம் இருந்தது. ஏரி முழுக்க வெள்ளை. கரையில் பேரின்பம், தூண்டில் தடியை உயர்த்தியபடி.

"ஒரே ஐஸ் அண்ணன். அஞ்சு நாளும் காருக்குள்ளதான் இருந்தம். கடைசி நாள், இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒருக்காலெண்டாலும் வீசுவமெண்டு ஐசுக்கு மேல வீசினவர். நான்தான் படம் எடுத்தன்." கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டவர். அண்ணன் இங்கிலீசை மாறி விளங்கியிருப்பார், தெரிஞ்சா மனம் நோவார் எண்டு."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு இனி வராது. வாயைத் திறந்தேன்.

"ஓம் தங்கச்சி. பிழையா வாசிச்சுப் போட்டன்."

"அதுக்கென்ன, நீங்க வேணுமெண்டா செய்தீங்க?" என்று எனக்கு ஆறுதல் சொல்லி, இரண்டு வடையும் கட்டித் தந்தாள். காருக்குள் இருந்து அதையும் தின்றேன்.

பக்டரி இருந்த இடத்தில் இப்போது கொண்டோ நிற்கிறது. அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். டின்னை வீட்டுக்குள் எடுக்க மனமில்லாமல் கார் டிக்கியிலேயே விட்டிருக்கிறேன். என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்கக்கூடிய ஒரே ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டான். இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.